மரத்தரைக்கு அடியில் ஃபாயில் ஹீட்டர்: எந்த அறைக்குச் சரி, எங்கே கோட்டை விடுகிறார்கள்

இங்கிலாந்தில் வீட்டைப் புதுப்பிக்கும்போது தரையைப் பெயர்த்த கையோடு மின்சார ஹீட்டிங் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு புழங்கும் நம் வீடுகளுக்கு ஜனவரியில் அது உண்மையான சுகம். மரத்தரைக்கென்று வருபவற்றில் வார்ம்அப் நிறுவனத்தின் ஃபாயில் ஹீட்டர் நல்ல பொருள். அலுமினியத் தாளுக்குள் மெல்லிய கேபிள் பதித்த விரிப்பு (மேட்), சதுர மீட்டருக்கு 140 வாட். சிமெண்ட் வேலை கிடையாது. விரித்து, மேலே கிளிக் பலகையை (ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பலகை) ஒட்டாமல், ஆணி அடிக்காமல் கோத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் அந்த 140 வாட்டை நம்பி ரேடியேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். மரத்தரையின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. அறை 20 டிகிரியில் இருக்கும்போது அப்படியொரு தரை விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 75 வாட்தான். மிச்சமுள்ள வாட், தரை சீக்கிரம் சூடேற மட்டுமே உதவும். 8 சதுர மீட்டர் மேட் போட்டால் நிலையாகக் கிடைப்பது சுமார் 600 வாட். நன்றாக இன்சுலேஷன் செய்த புதிய எக்ஸ்டென்ஷனுக்கு அது போதும்; 1930களில் கட்டிய வீட்டின் குளிர்ந்த முன்னறைக்குப் போதாது.

அளவு எடுப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. அறை 4 × 3 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர். 3 மீட்டர் சுவர் முழுக்க 60 செ.மீ. ஆழத்துக்கு அலமாரி இருந்தால் 1.8 சதுர மீட்டர் போய்விடும். சுற்றிலும் 10 செ.மீ. விட்டால் மிஞ்சுவது 9க்குச் சற்றுக் குறைவு. வாங்க வேண்டியது 8தான். மேட்டைத் திருப்ப ஃபாயிலை வெட்டலாம், கேபிளை வெட்டவே கூடாது. மிஞ்சினால் ஒளித்துவைக்க இடமில்லை. கால் இல்லாத சோபா, தரையோடு ஒட்டிய கட்டில் இவற்றின் அடியிலும் போடாதீர்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் மரம் வெந்துபோகும்.

கான்கிரீட் தளமானால் முதலில் ஈரத்தடுப்பு பாலித்தீன், அதன்மேல் 6 மி.மீ. இன்சுலேஷன் போர்டு, பிறகு மேட். போர்டை மிச்சம்பிடித்தால் நீங்கள் கட்டும் கரண்ட் பில்லில் ஒரு பகுதி கீழே இருக்கும் கான்கிரீட்டைச் சூடாக்கவே போகும். மேட்டுக்கு மேலே சாதாரண நுரை அண்டர்லே (பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தை) வேண்டாம். அது வெப்பத்தை மறித்துவிடும். பழைய மரச்சட்டத் தளமானால் சட்டங்களுக்கு நடுவே 100 மி.மீ. இன்சுலேஷன் அடையுங்கள், ஆனால் வெளிச்சுவரின் காற்றுத்துளைகளை அடைக்காதீர்கள்.

மேட்டின் தடிமன் 2 மி.மீ.கூட வராது. ஆனால் ஹீட்டிங் கேபிளும் மின் இணைப்புக் கம்பியும் சேரும் முடிச்சு அதைவிடப் பல மடங்கு பருமன். அது தரையிலேயே இருக்க வேண்டும், சுவருக்குள் ஏறக் கூடாது. போர்டில் அந்த முடிச்சின் அளவுக்குக் கத்தியால் பள்ளம் கீறி உட்காரவையுங்கள். கேபிள் முனையில் இருக்கும் மூடிக்கும் அப்படியே. இதைச் சோம்பலில் விட்டால் அந்த இடத்துப் பலகை மேடேறி, நடக்க நடக்கக் கிளிக் பூட்டு உடைந்து சத்தம் போடும். பிறகு சரிசெய்ய, தரையைக் கழற்றத்தான் வேண்டும்.

மேட்டின் மின்தடையை மல்டிமீட்டரால் மூன்று முறை சோதியுங்கள்: பெட்டியைத் திறந்ததும், விரித்ததும், பலகை போட்டு முடித்ததும். 8 சதுர மீட்டர் மேட் 1120 வாட். 230 வோல்ட்டில் சுமார் 47 ஓம் காட்ட வேண்டும். வழக்கமான ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் 45 முதல் 52 வரை சரி. எலக்ட்ரீஷியன் மெக்கர் சோதனையும் (கேபிளின் மின்காப்பு சரியா என்று பார்ப்பது) செய்து, 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வழியாக இணைத்து, சான்றிதழ் தர வேண்டும். தரையின் சூட்டை அளக்கும் சென்சார் இரண்டு கேபிள் வரிசைகளுக்குச் சரிநடுவில் இருக்கட்டும். கேபிளைத் தொட்டுக்கொண்டிருந்தால் தெர்மோஸ்டாட் சீக்கிரமே அணைத்துவிடும். "தரை சூடே ஆகவில்லை" என்ற புகார் பல நேரம் இதனால்தான்.

மரம்? பிளைவுட் அடித்தளத்தின் மேல் ஓக் மர அடுக்கு ஒட்டிய 14 மி.மீ. எஞ்சினியர்டு பலகைதான் எங்கள் பரிந்துரை. முழு மரப்பலகை வேண்டாம். பீச், மேப்பிள் இரண்டும் ஈரத்துக்கு ஏற்ப அதிகம் சுருங்கி விரியும். பலகையை அதே அறையில் சில நாள் பழகவிட்டு, சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டுப் போடுங்கள். முடித்த அன்றே முழுச் சூட்டில் வைப்பதால்தான் பலகைகளுக்கு நடுவே வெடிப்பு விழுகிறது. இரண்டு நாள் கழித்து ஹீட்டரைப் போட்டு, நாளுக்கு ஓரிரு டிகிரி வீதம் ஏற்றுங்கள்.

மேட் முழு ஓட்டத்தில் மணிக்கு 1.12 யூனிட் இழுக்கும். தரை சூடேறியதும் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் ஓட்டும், அதனால் காலை, மாலை என்று நேரம் குறித்துவைத்தால் பில் கட்டுக்குள் நிற்கும். மேலே பாய் விரிக்கலாம். தடித்த கம்பளம் மட்டும் வேண்டாம்.