எதை வைத்து சார்ட் செய்வது?

புரோகிராம் எழுதிப் பழகுவதற்கான சி.எஸ்.இ.எஸ். தளத்தில் ‘மூவி ஃபெஸ்டிவல்’ என்று ஒரு புதிர்க் கணக்கு உண்டு. ஒவ்வொரு படமும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கொடுத்துவிடுவார்கள். முழுசாக எத்தனை படம் பார்த்துவிட முடியும் என்பதுதான் கேள்வி. படங்கள் 2 லட்சம் வரை வரலாம் என்பதால் எல்லாச் சேர்க்கையையும் போட்டுப் பார்க்கிற வேலை ஆகாது. சார்ட் செய்துவிட்டு, அதாவது ஏதாவது ஒன்றை வைத்து வரிசைப்படுத்திவிட்டு, நேரம் மோதாத படங்களை வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். எதை வைத்து சார்ட் செய்வது என்பதில்தான் சிக்கல்.

அங்கே தந்திருக்கும் மாதிரி 3-5, 4-9, 5-8. விடை 2. வேடிக்கை என்னவென்றால், தொடக்க நேரம், நீளம், முடிவு நேரம் என்று எதை வைத்து சார்ட் செய்தாலும் இதற்கு 2 வந்துவிடும். மாதிரி ஓடிவிட்டதே என்று நம்பி சமர்ப்பித்தால் ‘ராங் ஆன்சர்’தான்.

தொடக்க நேரத்தைக் கவிழ்க்க ஒரு படம் போதும். காலை 9 மணிக்கு முதலில் தொடங்கி இரவு 9 வரை ஓடினால் அன்றைய நாளே போச்சு.

குட்டிப் படம் முதலில் என்பது கேட்க நியாயமாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. 10 முதல் 1 வரை ஒன்று, 12.30 முதல் 2 வரை ஒன்று, 1.30 முதல் 5 வரை ஒன்று என்று வையுங்கள். நடுவில் உள்ளது ஒன்றரை மணி நேரம்தான். அதை எடுத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும், கையில் ஒன்றுதான் மிஞ்சும். அதை விட்டால் இரண்டு பார்க்கலாம்.

முடிவு நேரம் மட்டும் ஏன் தப்பிக்கிறது? சரியான விடை எதையாவது எடுத்து, அதன் முதல் படத்தைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் முடியும் படத்தை அங்கே வையுங்கள். இது பழையதைவிடத் தாமதமாக முடிய வழியில்லை, ஆகவே அடுத்த படத்தை இடிக்காது. எண்ணிக்கையும் குறையாது. மிச்சப் படங்களுக்கும் இதே கதைதான். (கடைசியாகத் தொடங்கும் படத்திலிருந்து பின்னோக்கி வந்தாலும் சரியாக வரும்.)

சார்ட் சரியாக இருந்தும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. இங்கே 5 மணிக்கு முடிந்தால் 5 மணிப் படத்துக்கே போகலாம். அடுத்த படத்தின் தொடக்கம், கடைசியாகப் பார்த்ததன் முடிவைவிடப் ‘பெரிது அல்லது சமம்’ என்று எழுத வேண்டும். லீட்கோட் என்ற இன்னொரு பயிற்சித் தளத்தின் 452-வது கணக்கில், பலூன்களை முடிந்தவரை குறைந்த அம்புகளால் உடைப்பதற்கும் இதே சார்ட்தான். ஆனால் ஓரம் தொட்டுக்கொள்ளும் பலூன்கள் ஒரே அம்பில் வெடித்துவிடும், எனவே அங்கே புது அம்பு எடுக்க வெறும் ‘பெரிது’.

அப்புறம், படத்துக்குப் படம் மதிப்பெண் வேறாக இருந்து, மொத்த மதிப்பெண்தான் முக்கியம் என்றால், அந்தந்த நேரத்துக்குச் சிறந்ததை எடுத்துக்கொண்டே போகும் இந்த ‘கிரீடி’ முறை கைவிட்டுவிடும். முடிவு நேர சார்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு டைனமிக் புரோகிராமிங்குக்கு (சின்னக் கணக்குகளின் விடைகளைச் சேமித்து வைத்துப் பெரியதைக் கட்டும் முறை) போய்விடுங்கள்.