அவரையா, செண்டுமல்லியா? தெருவிளக்குக்குக் கீழே சில வருஷ அனுபவம்

போன வாரம் பந்தலைப் பிரித்து மறுபடியும் கட்டினேன். ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் எங்கள் பல்லடம் பக்கத்துக் காற்று மேற்கு ஓரத்து மூங்கில் இரண்டை முறித்துக் கம்பியைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இனி மூங்கில் வேண்டாம் என்று கல்லுக்கால் நட்டுவிட்டேன். அதைப் பார்க்க வந்த மச்சான், "இத்தன செலவு பண்ணி மறுபடியும் அவரையே போடோணுமா மாப்ளே? பேசாம செண்டுமல்லி வெச்சா என்ன?" என்று கேட்டார். அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

செண்டுமல்லியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. நாற்றங்காலில் விதைத்து ஒரு மாதம், பிடுங்கி ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு இன்னொரு மாதம், அப்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும், நட்ட அறுபதாம் நாள் வாக்கில் பூ. வெயில் முழுசாக வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். பந்தலுக்கு அடியில் நிழலில் ஒரு தடவை நட்டுப் பார்த்தேன், வெளுத்து நீண்டு சாய்ந்துவிட்டது, அது என் தப்பு. தக்காளி வரப்பில் வைத்தால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும், அதற்காகவே பலர் வைக்கிறார்கள். பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை கட்ட நான் கடைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அவரை அப்படி இல்லை. என்னிடம் இருப்பது அம்மாயி கொடுத்த பந்தல் அவரை விதை, பட்டையான காய், ஓரத்தில் ஊதா ஓடும். பத்தடிக்கு இருபதடிப் பந்தல், அதற்கு மூன்று குழி போதும், குழிக்கு இரண்டு மூன்று விதை. ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூங்கொத்து நிமிர வேண்டும், மாசி வரைக்கும் பறிக்கலாம். கிழக்குக் குழியும் நடுக் குழியும் அப்படித்தான் காய்த்தன. மேற்குக் குழி மட்டும் மார்கழி வரை இலை, இலை, இலை. கையை விட்டால் உள்ளே போய்விடும், அத்தனை அடர்த்தி, ஒரு பூ கிடையாது.

முதல் வருஷம் எரு அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். நியாயமான சந்தேகம்தான், அவரைக்குத் தழைச்சத்து கூடினால் கொடி ஓடுமே தவிரப் பூக்காது. வேரில் இருக்கிற முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், அப்படி இருந்தால் காற்றிலிருக்கிற தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம், யூரியா பக்கமே போக வேண்டியதில்லை. செண்டுமல்லிக்கு அந்த வசதி கிடையாது, எரு போட்டால்தான் உண்டு. சரி என்று அடுத்த வருஷம் மேற்குக் குழிக்கு எருவே போடவில்லை. தண்ணீரைக் குறைத்தேன். நுனியைக் கிள்ளினேன். இலையை உருவினேன். மறுபடியும் இலைதான். அம்மாயி கொடுத்த விதையைக்கூடச் சந்தேகப்பட்டேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் இரவு மோட்டார் போடப் போனபோதுதான் கண்ணில் பட்டது. 2021இல் எங்கள் வீதியில் பழைய மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டினார்கள். அந்தக் கம்பம் மேற்கு மூலைக்கு நேர் எதிரே. மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மேற்குக் கொடியின் மேல் ஒரு பட்டையாக விழுந்திருந்தது, அந்தப் பட்டைக்குள் மட்டும் பூங்கொத்து! நிழலுக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. டார்ச் அடித்து இரண்டு மூன்று தடவை பார்த்தேன். மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

பழைய பந்தல் அவரை நாள் நீளம் பார்த்துப் பூக்கிற பயிர். நம் ஊரில் ஆனியில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், மார்கழியில் 11 மணி 30 நிமிடம். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்தான், அதை அந்தக் கொடி கவனித்து வைத்திருக்கிறது, இரவு நீளுவதைப் பார்த்துத்தான் பூவெடுக்கிறது. விடிய விடிய விளக்கு எரிந்தால் அதற்குக் கார்த்திகையே வருவதில்லை. இதே விளக்கு வெளிச்சத்தில் வேலியோரம் செண்டுமல்லி பூத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கும் நாள் நீளம் கொஞ்சம் படும், ஆனால் பூப்பதை நிறுத்தாது.

விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மில் வேனில் வந்து இறங்கும் பெண்கள் அந்த வெளிச்சத்தில்தான் வீட்டுக்கு நடக்கிறார்கள். நான் கேட்டதெல்லாம் விளக்கின் பின்பக்கத்துக்கு ஒரு தகடு, வெளிச்சம் வீதியில் மட்டும் விழட்டும் என்று. விளக்கு மாட்டினவர்களிடம் இரண்டு தடவை கேட்டேன், "பார்க்கலாங்க" என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நானே பழைய சாக்கைத் தைத்துப் பந்தலின் மேற்கு ஓரத்தில் திரையாகக் கட்டினேன். தை மாதம் அங்கேயும் பூ வந்தது, தாமதம்தான், இரண்டு கூடை காய் கிடைத்தது. இப்போது மூங்கிலை முறித்ததும் அந்தத் திரைதான் என்று நினைக்கிறேன், காற்றை அப்படியே வாங்கிக்கொண்டது. இனி ஆவணிக்குப் பிறகு காற்று தணிந்ததும்தான் கட்டப் போகிறேன்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 14 மாதிரி செடி அவரை போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, எந்தப் பட்டத்திலும் பூக்கும், பந்தலும் வேண்டாம். தெரியும். ஒரு தடவை போட்டுச் சாப்பிட்டும் பார்த்தேன், நல்ல காய்தான். அரிசியும்பருப்புக்குப் பக்கத்தில் அம்மாயி விதையில் வந்த காயைப் பொரியல் செய்து வைத்த நாளில் தட்டில் கிடைத்த மணம் அதில் இல்லை.

எந்தக் கணக்கில் பார்த்தாலும் செண்டுமல்லிதான் ஜெயிக்கும். ஆனாலும் மச்சான், நீங்கள் அவரையே போடுங்கள். மார்கழிப் பனியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பும், எறும்பு ஏறும், வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இருந்தாலும் அதையே போடுங்கள். விதை நான் தருகிறேன். குழி தோண்டுவதற்கு முன்னால் அமாவாசையை ஒட்டி ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். உங்கள் நிழல் தரையில் விழுந்தால் நாலு அடி தள்ளிப் போய் நின்று மறுபடியும் பாருங்கள்.