வெயிட் ஏற ஜிம்மில் கொடுத்த "ஜீரண மாத்திரை"

என் தம்பிக்கு 21 வயது. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை 49 கிலோ. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சு தாங்காமல்தான் போன வருடம் மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தான்.

முதல் வாரமே மாஸ்டர், "உனக்கு ஏறாத உடம்புப்பா, வெறும் முட்டையெல்லாம் பத்தாது" என்று ஒரு டப்பா மாஸ் கெயினரும் (எடை ஏற்றும் பவுடர்), பேப்பரில் மடித்த மாத்திரைகளும் கொடுத்திருக்கிறார். மாதம் 4,500 ரூபாய். பில் கிடையாது. டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் இல்லை. மாத்திரை எதற்கு என்று கேட்டதற்கு, "பவுடர் செரிக்கணும்ல தம்பி" என்றாராம்.

ஆறு வாரத்தில் 8 கிலோ ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். கன்னம் உப்பி முகம் வட்டமானதைத் தெளிச்சி என்றே நினைத்தோம். எந்நேரமும் பசி, பகலெல்லாம் தூக்கம். ஆனால் கையும் காலும் குச்சியாகவே இருந்தன. வயிற்றோரம் ஊதா நிறத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. அதைப் பார்த்தபோதாவது அக்காவாக நான் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் காசு இல்லாமல் நிறுத்திவிட்டான். நாலாம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 80/50. டாக்டர் அவன் முகத்தைப் பார்த்ததுமே, "ஜிம்முக்குப் போறியா? என்ன மாத்திரை சாப்பிட்ட?" என்றார்.

அதே ஜிம்மில் இன்னொரு பையனுக்கு அட்டையோடு கொடுத்திருந்தார்கள். வாங்கிப் பார்த்தோம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு போட்ட அட்டை: ஒன்று டெக்ஸாமெத்தசோன், இன்னொன்று சைப்ரோஹெப்டடின். முதலாவது ஸ்டீராய்டு. பாடிபில்டர்கள் போட்டுக்கொள்வதாகக் கேள்விப்படும் ஸ்டீராய்டு வகைகூட இல்லை இது. தசையைக் கரைக்கிற வகை. இரண்டாவது அலர்ஜி மருந்து, பசியும் தூக்கமும் அதனால் வந்தவை. ஏறிய எடை நீரும் கொழுப்பும்தான். தினமும் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுமாம். திடீரென்று மருந்தை நிறுத்தினால் அந்தச் சுரப்பி தரும், உடம்புக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோன் இருக்காது. காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் அது அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் மாற்று மருந்து கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தப் பல மாதம் ஆயிற்று.

ஜிம்மில் போய்க் கேட்டேன். "வைட்டமின்தான்க்கா கொடுத்தேன், பில் இருக்கா?" என்றார். மிச்சப் பவுடரோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், மாத்திரை அட்டையோடு மருந்து ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். ஜிம் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டு வருவது தெரிந்தால், கோபத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்த அட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அவனை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.