பழைய பவர் சாவும் 20 சதவீத எத்தனாலும்

பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோய் வந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பழைய 70 சிசி பவர் சா (பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம்) ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கிப் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாமா என்று நண்பர் கேட்டார். அதே ரக மெஷினை வீட்டுப் பின்கட்டில் வைத்துப் பல வருஷமாக மல்லுக்கட்டுகிறவன் நான். கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் மறுபடியும் கார்புரேட்டரைக் கழற்றி மேஜையில் பரப்பியிருந்தேன்.

இஞ்சினைக் குறை சொல்ல முடியாது. நாலு போல்ட்டை எடுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். அதைக்கூடக் கழற்ற வேண்டாம். சைலன்சரை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடித்தால் பிஸ்டனின் யோக்கியதை தெரிந்துவிடும். கிளட்ச்தான் புதிதாகத் தொடுகிறவர்களை அழவைக்கும். இடது மரை. பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையைத் தாண்டி மேலே ஏறியதும், பிளக் துளை வழியாக ஸ்டார்ட்டர் கயிற்றை உள்ளே திணித்து முட்டுக்கொடுத்துவிட்டு வலப்பக்கமாகத் திருப்பினால் ‘டக்’கென்று விடும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை கழற்றலாம்.

தொல்லை முழுக்கக் கார்புரேட்டருக்குள் இருக்கும் அந்த வட்ட டயாஃப்ரம், அதாவது மெல்லிய ரப்பர் சவ்வு. இந்த மெஷினைச் செய்த காலத்தில் நம்மூர் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. 2023இல் சில ஊர்களில் தொடங்கிய 20 சதவீதக் கலப்பு இப்போது பங்க்குக்குப் பங்க்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கிலேயே கிடந்தால் ரப்பர் டியூப் ஊறி நெகிழும், டயாஃப்ரமோ நாளாவட்டத்தில் விறைத்துப்போகும். நல்லது வெற்றிலை மாதிரி மடங்கும். கெட்டதை விரலால் அழுத்தினால் கடக்கென்று சத்தம் போடும். அது அசையாவிட்டால் பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வு முழுசாகத் திறக்காது. பெட்ரோல் குறையும், அதோடு கலந்து வர வேண்டிய ஆயிலும் குறையும், சூடேறிப் பிஸ்டனில் நெடுக்குக் கீறல் விழும். சும்மா ஓடும்போது சாது போல நிற்கும். சங்கிலி ஓடும் பாரை மரத்தில் இறக்கி ஆக்சிலேட்டரை அழுத்தியதும் மூச்சு வாங்கும்.

நியாயமாகச் சொன்னால் இது மெஷின் மேல் குற்றமில்லை. கடையில் கிடைக்கும் மலிவு டயாஃப்ரம் கிட்டுகளும் ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. வேலை முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

தென்னை அறுக்கும்போது இதன் இழுவையைப் பார்த்தால் புது மெஷின் வாங்க மனசு வராது என்பதும் உண்மை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றேன். ஆட்களுக்குக் கூலி கொடுத்து நிறுத்திவைத்துக்கொண்டு கார்புரேட்டர் பிரிக்க முடியாது, புதுசே வாங்கிக்கொள்ளட்டும். அந்தப் பழசை வேறு யாருக்கும் விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதில் சிலிண்டர் கீறலில்லாமல் இருக்கிறதாம், எனக்கு ஆகும்.