வெண்கோலும் வழிகாட்டிக் கருவிகளும்: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டிக் கருவி செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை மீட்டருக்கு முன்னால் எச்சரித்தால் போதும்?" என்றுதான். பார்வையற்ற நான் பல வருடமாக வெண்கோலோடு இந்தக் கருவிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு நடக்கிறேன். எனக்கு அதைவிட முக்கியம், கருவி எப்போது வாயை மூடிக்கொள்ளும் என்பது.

தெருவை நாங்கள் காதால்தான் படிக்கிறோம். சுவர் முடிந்து சந்து தொடங்கும் இடத்தில் கோல் தட்டும் ஓசையே மாறும். வண்டி திரும்புகிறதா, நேராகப் போகிறதா என்பதை டயர் சத்தம் சொல்லிவிடும். சரியாக அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் ஒரு குரல் பேசத் தொடங்கினால் நின்றுவிட வேண்டியதுதான். அதனால் காதை அடைக்காமல் கன்னத்து எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் எலும்புவழி ஹெட்போனுக்கு மாறினேன். லாரி இரைச்சலில் குரல் அமுங்கிப் போகிறது, அது வேறு விஷயம்.

எனக்கு அதிகம் உழைத்தது, கோலின் பிடியில் மாட்டும் மீயொலி உணரி. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பினால் கையில் அதிர்ந்து சொல்லும். இடுப்புக்குக் கீழே இருப்பதைக் கோலே காட்டிவிடும்; தாழ்ந்த கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, லாரிக்குப் பின்னால் நீட்டியிருக்கும் கம்பி இதெல்லாம் நேராக நெற்றியைத்தான் தேடி வரும். உணரி அங்கேதான் கைகொடுக்கிறது. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் ஒலி பட்டுத் திரும்ப 17 மில்லிநொடி போலத்தான் ஆகும். ஆக, அதிர்வு தாமதமாக வந்தால் பழி ஒலியின் மேல் இல்லை, மென்பொருளின் மேல். சாய்ந்து நிற்கும் கண்ணாடிக் கதவு ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். தொங்கும் துணி பாதியை விழுங்கிவிடும். மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலும் உணரி வேறெங்கோ பார்க்கும். கூட்டத்தில் விடாமல் அதிரும், அணைத்துவிடுவேன். கீழிறங்கும் படியையும் பள்ளத்தையும் அது சொல்லாது. கோலைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

திறந்த வானத்தின் கீழ் ஃபோனின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் துல்லியம் தரும். கார் ஓட்டுபவருக்கு அது தாராளம். எனக்கு அது நடைபாதைக்கும் நடுரோட்டுக்கும் உள்ள தூரம். "சேருமிடம் வந்துவிட்டது" என்று சொல்லி அது ஓய்ந்த பிறகுதான் வாசலைத் தேடும் வேலையே ஆரம்பிக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற வழிகாட்டிச் செயலியில் வேறு யோசனை இருந்தது: சேருமிடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஒலி வரும். திரும்பு என்று உத்தரவு கிடையாது. நாமே தலையைத் திருப்பிக்கொள்ளலாம். 2023இல் அதை நிறுத்திவிட்டார்கள். நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து விட்டதால் அந்த யோசனை வேறு செயலிகளில் பிழைத்திருக்கிறது.

கேமரா வழியாகப் படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் போஸ்டர் படிக்க அருமை. நடக்கும்போது? "மரங்கள் சூழ்ந்த அமைதியான தெரு" என்று ஒன்று எனக்கு வர்ணித்தது. முன்னால் குறுக்கே நின்ற பைக்கை என் கோல் சொல்லிற்று. கடைசிப் பத்து மீட்டருக்கு இன்னமும் பீ மை ஐஸ் என்ற வீடியோ அழைப்புச் செயலியில், என் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்ல யாரோ ஒரு தன்னார்வலரைத்தான் அழைக்கிறேன். "இன்னும் கொஞ்சம் வலது, கைப்பிடி உங்கள் தோள் உயரத்தில்" என்பார், வேலை முடிந்தது.

புதிதாகச் செய்பவர்களிடம் ஒன்று கேட்பேன்: குரலை நிறுத்த, கட்டைவிரலுக்குத் தட்டுப்படும் நிஜப் பொத்தான் ஒன்று வையுங்கள். ஒரு கையில் கோல் இருக்கும்போது தொடுதிரையில் இரண்டு விரலால் தட்டச் சொல்லாதீர்கள்.