வாடகை வீட்டில் விண்டோ ஏசி: 35,000 ரூபாய்க்குள் அடக்கியதும் அதற்குப் பின் வந்ததும்

2022 கோடையில் வாங்கிய ஒரு டன் (எடை இல்லை, குளிரூட்டும் திறனின் அளவு), 3 ஸ்டார் விண்டோ ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரம்பூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வாடகை வீடு. பத்துக்குப் பதினொன்று படுக்கையறை. கையில் இருந்தது 35,000 ரூபாய். ஏசி, ஸ்டெபிலைசர், மாட்டுகிற செலவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முடிந்தது. ஆனால் விண்டோ ஏசி மலிவு என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டிதான் மலிவு. ஜன்னல் தனிக்கணக்கு.

ஸ்ப்ளிட் வாங்காததற்குக் காரணம் விலை மட்டுமில்லை. சுவரில் ஓட்டை போட வேண்டும், அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்டு வேண்டும், காப்பர் பைப் நீளம் கூடினால் அடிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வீடு மாறும்போது கழற்றுவதற்கு ஒரு செலவு, மாட்டுவதற்கு ஒரு செலவு. விண்டோவில் கம்ப்ரசர் முதல் ஃபேன் வரை எல்லாம் ஒரே பெட்டிக்குள். கேஸ் பைப்பைப் பிரிக்கிற வேலையே கிடையாது. ஓனர் அம்மாவும் சுவரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிரில்லுக்கே அரைமனதுதான். "தம்பி, கம்பியை அறுத்துட்டு, காலி பண்ணும்போது யாரு ஒட்டவைக்கிறது?" என்றார். நானே வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி, அறுத்த கம்பிகளைக் கட்டி லாஃப்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

செலவு இப்படிப் போனது. ஏசி 25,500. ஸ்டெபிலைசர் 2,400. கிரில் அறுத்து, வெளியே ஆங்கிள் ஃபிரேம் அடித்த வெல்டருக்கு 2,200. ஜன்னலின் மிச்சப் பகுதியைப் பிளைவுட் வைத்து அடைத்த கார்பென்டருக்கு 1,300. வயரிங் 2,600. மாட்டியவருக்கு 600. மொத்தம் 34,600. மாடி ஏற்றிய பையன்களுக்கு டீ காசு தனி. ஒரு டன் பெட்டியே நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். குறுகலான படிக்கட்டு என்றால் கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் எதைக் குறைத்தாலும் வயரிங்கைக் குறைக்காதீர்கள். படுக்கையறையில் இருந்தது சாதாரண 6 ஆம்ப்ஸ் பாயின்ட். வந்த எலக்ட்ரீஷியன், "இதிலேயே எடுத்துக்கலாம் சார், ஒரு டன்தானே" என்றார். ஓடும்போது ஐந்து ஆம்பியர் சுற்றிதான் இழுக்கும் என்பது சரி. ஆனால் கம்ப்ரசர் கிளம்புகிற அந்த நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்), 16 ஆம்ப்ஸ் பாயின்ட் என்று போடச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே போட்டார். கத்திரி வெயில் நாட்களில் எதிர் வீட்டில் பிளக் உருகி நாற்றம் வந்தபோது, இங்கே பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியது ஒன்று: பெட்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துச் சரிமட்டமாக நிறுத்தினால் தண்ணீர் அறைக்குள் சொட்டும். அதே சமயம் ரொம்பவும் சாய்க்கக்கூடாது. என்னுடைய மாடலில் பின்னால் இருக்கும் ஃபேனின் விளிம்பில் ஒரு வளையம் உண்டு. அடித்தட்டில் சேரும் குளிர்ந்த தண்ணீரை அது வாரி, அறையின் சூட்டை வெளியே தள்ளும் சூடான காயில் (சுருள் குழாய்) மீது அடிக்கும். காயில் சீக்கிரம் ஆறும், கம்ப்ரசருக்கும் சுமை குறையும். மழைக்காலத்தில் அந்த 'சளக் சளக்' சத்தம் நன்றாகவே கேட்கும். ரிப்பேர் என்று பயந்து ஆளைக் கூப்பிடாதீர்கள். தண்ணீர் முழுவதும் வடிந்துபோக ஓட்டை போடட்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சத்தம்தான் இந்த ஏசியின் பெரிய குறை. அதிர்வு குறைய, பெட்டிக்கு அடியில் பழைய டயர் டியூபை நறுக்கி வைத்தார் மாட்ட வந்தவர். கொஞ்சம் பலன் தெரிந்தது. அப்படியும் கம்ப்ரசர் கிளம்பினால் ஃபோனில் பேசுகிறவர் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பழகிவிட்டது, ஊரிலிருந்து வரும் அம்மாவுக்குத்தான் முதல் இரண்டு ராத்திரி தூக்கம் வராது. இன்னொன்று, ஒரு ஜன்னல் போய்விட்டது. பகலிலேயே லைட் போட வேண்டும், சாயங்காலக் கடல்காற்றும் அந்த அறைக்கு இல்லை. கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மேல் புறா கூடு கட்டும், ஓரத்தில் அடைத்த ஃபோமை அணில் பிய்த்துக்கொண்டு போகும். மேலே சரிவாக ஒரு தகரம், ஃபோமுக்கு வெளியே கொசுவலைக் கம்பி என்று போட்ட பிறகு தொல்லை நின்றது.

குளிர்ச்சி? மே மாதத்தில் ராத்திரி பதினொரு மணிவரை தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை டன் வாங்கியிருக்கலாமோ என்று தோன்றிய காலம் அது. ஓனர் அம்மாவிடம் கேட்டு மாடித் தளத்தில் சுண்ணாம்பு அடித்தோம். கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். அதற்கப்புறம் 26 டிகிரியில் வைத்து, ஃபேனை ஒன்றில் ஓடவிட்டால் போதும் என்றாகிவிட்டது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்க வேண்டும் என்பது விதி. பலர் அதை உடனே 18-க்கு இறக்கிவிடுகிறார்கள். இறக்கினால் அறை சீக்கிரம் குளிராது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

ஸ்டார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விண்டோவுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் ஸ்டார் அளவுகோல் வேறு வேறு. 3 ஸ்டார் விண்டோ, 3 ஸ்டார் ஸ்ப்ளிட்டைவிட அதிகமாகவே மின்சாரம் குடிக்கும். ஸ்டாரை எண்ணாமல் லேபிளில் இருக்கும் வருட யூனிட்டைப் பாருங்கள். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் வைத்தால் 200 இரவுகள். சென்னைக்கு ஓரளவு பொருந்தும்.

எனக்கு ஒரு ராத்திரிக்கு ஆறு யூனிட் வாக்கில் ஆகிறது. இரண்டு மாத பில்லில் ஏசி மட்டுமே 350 யூனிட்டைத் தொடும். இங்கேதான் 500 என்ற கோடு குறுக்கே வருகிறது. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஆனால் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான பாதி விலைச் சலுகையும் போய்விடுவதால் வரும் வினை. அதனால் பில் எடுக்கும் தேதி நெருங்கினால் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ரிமோட்டைத் தொடுகிறேன். கட்டணம் அப்புறம் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

ரிப்பேர் என்று பெரிதாக வந்தது ஒன்றுதான். ஒருநாள் கம்ப்ரசர் உறுமும், கிளம்பாது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் தீர்ந்துபோச்சு, 3,000 ஆகும்" என்றார். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓடஓடத் தீர்வது இல்லை. எங்காவது லீக் இருந்தால்தான் குறையும். லீக்கைக் காட்டுங்கள் என்றதும் நாளைக்கு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. வேறொருவர் வந்து, கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரை மாற்றினார். 450 ரூபாயோடு போனது. மற்றபடி மாதம் ஒருமுறை ஃபில்டரைக் குழாயடியில் கழுவுவது, கோடைக்கு முன்னால் பெட்டியை வெளியே இழுத்து வாட்டர் சர்வீஸ் செய்வது, அவ்வளவுதான். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் காப்பர் காயில்தானா என்று கேட்டு வாங்குங்கள், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

தாம்பரத்தில் இருக்கும் தங்கை இப்போது இதே மாடலை வாங்கப் போகிறேன் என்கிறாள். அவள் வீட்டில் ஸ்லைடிங் ஜன்னல்; பாதிதான் திறக்கும். அந்தப் பாதியில் இரண்டடி அகலம் முழுதாகக் கிடைக்கிறதா, கீழே சன்ஷேட் இடிக்கிறதா என்று டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அளவு வந்த பிறகுதான் கடைக்குப் போவது.