நாற்பதாயிரத்துக்கு டெஸ்க்டாப்: அசெம்பிள் பண்ணுவதா, கம்பெனிப் பெட்டியா?

பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் பண்ணுவதா, கம்பெனி ரெடிமேடாக விற்கிற பெட்டியை எடுப்பதா என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். அசெம்பிள் பண்ணு, காசு மிச்சம், வேலை முடிந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி கொட்டேஷன் வாங்கி, அதை ஐந்தாவது கடையில் காட்டிப் பேரம் பேசினால் கம்பெனிக்காரன் அதே காசுக்குத் தருவதைவிட ஒரு படி மேலான மெஷின் வீட்டுக்கு வந்துவிடும். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏற ஆரம்பித்தது. மெமரி சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் போகிறது, குரூஷியல் என்ற பெயரில் நமக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான் அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இதில் முதலில் அடி வாங்குவது கடையில் போய் ரேம் ஒரு ஸ்டிக், இரண்டு ஸ்டிக் என்று வாங்குகிற நாம்தான். பெரிய கம்பெனிகளும் விலையை ஏற்றுகின்றன, ஆனால் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குகிறவர்களுக்குச் சூடு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

சரி, அப்படியும் அசெம்பிள் பண்ணுவதில் என்ன லாபம்? காசை எங்கே போடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி புராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள், 2021இல் வந்த பழைய ஆள், ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு இப்போதைக்கு வேண்டாம். இதற்கான மதர்போர்டும் டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேமும் புதுத் தலைமுறையைவிட மலிவு. ஆனால் அந்த உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போடாமல் எட்டு எட்டாக இரண்டு போட்டால் ரேமுக்குப் போய் வருகிற பாதை இரண்டாகும், கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதே விலையில் கடையில் நிற்கிற கம்பெனிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்தான் இருக்கும்.

அசெம்பிள் பண்ணுகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை. கேபினெட்டோடு சேர்த்தே "450 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒன்றைக் கொடுப்பார்கள், தூக்கிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும். கடைக்காரர் "எல்லாரும் இதுதான் சார் போடுறாங்க" என்பார், அது உண்மையும்கூட. ஆனாலும் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரையுள்ள, பேர் தெரிந்த ஒன்றைத் தனியாக வாங்குங்கள். கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் மட்டமான எஸ்எம்பிஎஸ் போனால் சில நேரம் போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கேபினெட்டில் விளக்கு எரிகிறதா என்பதைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

புது பிராண்டட் மெஷினுக்கு இரண்டு பலம். ஒன்று, விண்டோஸ் லைசென்ஸ் உள்ளேயே வருகிறது. அசெம்பிள் கணக்கில் முக்கால்வாசிப் பேர் இதைச் சேர்ப்பதே இல்லை, கடைப் பையன் ஏதோ ஒரு பென்டிரைவில் இருந்து ஏற்றிக் கொடுத்துவிடுவான் என்று விட்டுவிடுகிறார்கள். நேர்மையாக லைசென்ஸ் விலையையும் கூட்டினால் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி காணாமல் போகும் (லினக்ஸ் போதும் என்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் பாக்கியசாலிகள்). இரண்டாவது, கெட்டுப்போனால் ஒரே போன் நம்பர். அசெம்பிள் மெஷினில் புராசஸருக்கு மூன்று வருஷம், எஸ்எஸ்டிக்கு மூன்றோ ஐந்தோ, கேபினெட்டுக்கு ஒன்று என்று வாரண்டி ஆளுக்கொரு கணக்கு. அதைவிட முக்கியம், கெட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ரேமா, போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிற பொறுமை இருக்கிறவர்களுக்குத்தான் அசெம்பிள் லாபம். இல்லாதவர்கள் ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சார்ஜ் கொடுத்தே மிச்சம் பிடித்ததைக் கரைத்துவிடுவார்கள்.

டேலி, எக்ஸெல், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் என் ஓட்டு இந்த இரண்டுக்குமே இல்லை. ஆபீஸ்களில் ஓடிவிட்டு வெளியே வருகிற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபார்த்து மறுபடி விற்கிற) மெஷினைப் பாருங்கள். ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, விண்டோஸும் பெரும்பாலும் லைசென்ஸோடு இருக்கும், பாதி பட்ஜெட்டில்கூட முடிந்துவிடும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள், விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன, விலையைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஐ5-8500 போட்ட ஒன்று கிடைத்தால் ஆறு கோர், இந்த வேலைகளுக்குத் தாராளம்.

இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பின்னால் கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள். இந்த ஆபீஸ் பெட்டிகளில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டு இணைப்பும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், கடையில் கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. சின்ன பெட்டி என்றால் குட்டை கார்டு மட்டும்தான் நுழையும், அதுவும் தனி பவர் கேபிள் கேட்காத ரகமாக இருக்க வேண்டும். கேம்தான் குறி என்றால் முதல் நாளே அசெம்பிள் பக்கம் போய்விடுங்கள்.

ஆன்லைனில் "ஐ5, 16 ஜிபி, மானிட்டர், கீபோர்டு, எல்லாம் சேர்த்து" என்று ஒரு ஃபுல் செட் கண்ணில் படும், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ5 என்பார்களே தவிர எந்த ஐ5 என்பதைக் கீழே பொடி எழுத்தில்கூடத் தேட வேண்டியிருக்கும். பல நேரம் அது 2011, 2012 காலத்து இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறைச் சரக்கு, கூடவே 2014இல் வந்த ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகி "கேமிங் பிசி" என்று பெயர் வைத்திருப்பார்கள். புராசஸர் நம்பர் முழுசாகப் போடாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அசெம்பிள் என்றால் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கடையிலாவது சொல்வார்கள், இரண்டு வருஷம் கழித்து போர்டு போகும்போது அந்தக் கடைக்காரருக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது. அப்புறம் யுபிஎஸ் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் பட்ஜெட் போடுங்கள்.